சொந்த நகரத்தின் பழைய கட்டடங்களைப் பார்க்கும் முறை

நாள்தோறும் கடந்துபோகும் தெருவையே முதலில் தேர்ந்தெடுத்து, காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் நடந்து செல்லுங்கள். உச்சிவெயிலில் தட்டையாகத் தோன்றும் சுவர்ப் பூவேலைகள் அப்போதுதான் நிழலோடு எழுந்து நிற்கும். கடைகள் கைமாறும்போது தரைத்தள முகப்பு பெரும்பாலும் மாற்றப்பட்டுவிடுவதால், எதிர்ப்புற நடைபாதையில் நின்று மேல்தளங்களைப் பாருங்கள். கட்டிய ஆண்டு பொறித்த பலகை எஞ்சியிருந்தால், அநேகமாக அங்கேதான் இருக்கும்.

பிறகு பொருள்களைக் கவனியுங்கள். ஜன்னல் கண்ணாடியில் பிம்பம் அலையலையாக நெளிந்தால், அது 1959இல் அறிவிக்கப்பட்ட மிதவைக் கண்ணாடி முறை (உருகிய கண்ணாடியை உருகிய உலோகத்தின் மேல் மிதக்கவிட்டுச் சமதளமாக்கும் முறை) பரவுவதற்கு முந்தையதாக இருக்கக்கூடும். செங்கல்லின் நீளப்பக்கமும் தலைப்பக்கமும் மாறிமாறித் தெரிந்தால், அது பெரும்பாலும் உள்வரை பிணைத்துக் கட்டிய தடித்த சுவர். சுண்ணாம்புக் காரையில் கட்டிய அத்தகைய சுவரின் இணைப்புகளைச் சிமென்டால் அடைத்திருந்தால், அது வெறும் அழகுக்குறை அன்று; ஈரம் காரை வழியே வெளியேற முடியாமல் செங்கல்லுக்குள் தங்கிவிடுவதால், நாளடைவில் செங்கல்லே உதிரத் தொடங்கும். (நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பழுதுபார்ப்பே பல பழைய சுவர்களைக் கெடுக்கிறது.)

தேய்ந்த படிகள், பாதாளச் சாக்கடை மூடிகளில் வார்த்த எழுத்துகள், தெருமுனைப் பெயர்ப்பலகைகள் ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். படமெடுப்பதைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, முதலில் கண்ணில் பட்டதைக் குறிப்பேட்டில் கோட்டுப்படமாக வரைந்துகொள்ளுங்கள்.