எஸ்எஃப்பி மாட்யூல் வாங்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்குவதற்கு மூன்று கொட்டேஷன் கேட்டு, ஒரு மாதம் பேரம் பேசுவார்கள். அதில் செருகப்போகும் எஸ்எஃப்பி மாட்யூலை (ஸ்விட்ச்சின் சிக்னலை ஒளியாக்கி ஃபைபர் கேபிளில் அனுப்பும் சின்னப் பெட்டி) மட்டும் கடைசி நாளில் போன் போட்டு, "10ஜி மாட்யூல் ரெண்டு அனுப்புங்க" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். கடைக்காரரும் கேள்வி கேட்காமல் அனுப்பிவிடுவார். எந்த ஃபைபர், எத்தனை மீட்டர், எதிர்முனையில் என்ன இருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

ஒரு கல்லூரி வளாகத்தில் நானே இதில் மாட்டியிருக்கிறேன். மெயின் பிளாக்கிலிருந்து நூலகத்துக்குச் சுமார் 200 மீட்டர். பழைய 1ஜி (நொடிக்கு 1 ஜிகாபிட்) எஸ்எக்ஸ் ரக மாட்யூல்கள் பல வருடங்களாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. புது ஸ்விட்ச் வந்ததும் 10ஜி எஸ்ஆர் (குறுந்தூர ரகம்) மாட்யூல்களைப் போட்டேன். லிங்க் வருவதும் போவதுமாக இருந்தது. மாட்யூலை மாற்றினேன், பேட்ச் கார்டை (மாட்யூலில் செருகும் குட்டைக் கேபிளை) மாற்றினேன், அரை நாள் போனது. அப்புறம்தான் டார்ச் அடித்து, ஆரஞ்சு நிறக் கேபிளின் மேல் அச்சடித்திருந்ததைப் படித்தேன்: 62.5/125. இழையின் உள்விட்டமும் வெளிவிட்டமும் மைக்ரோமீட்டரில். அதாவது ஓஎம்1, பழைய ரக மல்டி மோட் ஃபைபர். அந்த ஃபைபரில் 1ஜி எஸ்எக்ஸ் 200 மீட்டரைத் தாண்டியும் போகும், 10ஜி எஸ்ஆருக்கோ 33 மீட்டர்தான் கணக்கு. அதே எஸ்ஆர், புதிய ரகங்களான ஓஎம்3-ல் 300 மீட்டரும் ஓஎம்4-ல் 400 மீட்டரும் போகும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தது அந்த 300தான். கடைசியில் நெடுந்தூரத்துக்கான சிங்கிள் மோட் கேபிள் இழுத்து, அதற்கேற்ற 10 கிலோமீட்டர் எல்ஆர் மாட்யூல் போட்டோம்.

மஞ்சள் என்றால் சிங்கிள் மோட், நீலப்பச்சை என்றால் ஓஎம்3 அல்லது ஓஎம்4 என்பது பொதுவான வழக்கம்தான். ஆனாலும் நிறத்தை மட்டும் நம்பாமல் கேபிள் மேலிருக்கும் எழுத்தைப் படியுங்கள். 9/125 என்றிருந்தால் சிங்கிள் மோட், 50/125 என்றால் மல்டி மோட். ரேக்கில் தொங்கும் பேட்ச் கார்டு இடையில் வேறு யாரோ மாற்றிப்போட்டதாக இருக்கலாம், அதையும் பாருங்கள்.

இதற்கு நேரெதிரான தவறு ஒன்று உண்டு. "10 கிலோமீட்டர் மாட்யூல் எதற்கு, 80 கிலோமீட்டரே வாங்கிப் போடுவோம், சிக்னல் நன்றாக வரும்" என்பார்கள். காதோடு குழாய் ஸ்பீக்கரை வைத்துப் பாட்டுப் போட்டால் எப்படி இருக்கும்? அதேதான் இங்கும். 80 கிலோமீட்டர் இசட்ஆர் மாட்யூல் 0 முதல் +4 டிபிஎம் (ஒளியின் வலிமைக்கான அளவு, எண் கூடினால் ஒளியும் கூடும்) வரை ஒளியை அனுப்பும். அதன் ரிசீவர் தாங்குவது ஏறத்தாழ −7 டிபிஎம் வரைதான். நடுவில் ஒளியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் இல்லாமல் 300 மீட்டரில் போட்டால் ரிசீவரே போய்விடக்கூடும். எல்ஆருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரே ரேக்குக்குள் 2 மீட்டர் பேட்ச் கார்டிலும் அது ஓடும்.

அதற்காக எல்ஆரின் 10 கிலோமீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. வழியில் குறையும் ஒளியில் மொத்த இழப்பாக அதற்கு அனுமதிப்பது 6 டிபி (இழப்பை அளக்கும் அலகு) சொச்சம். கிலோமீட்டருக்கு 0.4 டிபி வீதம் 10 கிலோமீட்டருக்கே 4 டிபி போய்விடும். நான்கு கனெக்டர்களுக்கு ஆளுக்கு அரை டிபி என்றால் மீதியும் சரி. வழியில் இரண்டு பேட்ச் பேனல் (கேபிள்களை இணைக்கும் பலகை) கூடுதலாக இருந்தால் கணக்கு உதைக்கும்.

பைடை மாட்யூலில் நடப்பது இன்னும் எளிய தவறு. ஒரே இழையில் போகவும் வரவும் இரண்டு அலைநீளங்கள். 10ஜி என்றால் ஒரு முனை 1270 நானோமீட்டரில் அனுப்பி 1330-ல் வாங்கும், மறுமுனை அப்படியே தலைகீழ். ஒரே ரகத்தில் இரண்டு வாங்கினால் இரண்டும் ஒரே அலைநீளத்தில் அனுப்பிக்கொண்டிருக்கும், கேட்க ஆள் இருக்காது. ஸ்பேர் வாங்கும்போதும் ரகத்துக்கு ஒன்றாக வாங்குங்கள்.

இரண்டு முனையிலும் ஒரே பிராண்டு மாட்யூல்தான் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. வேகமும் அலைநீளமும் ஸ்டாண்டர்டும் பொருந்தினால் போதும். மாட்யூலுக்கும் அது செருகப்படும் ஸ்விட்ச்சுக்கும்தான் பொருத்தம் பார்க்க வேண்டும். மாட்யூலுக்குள் இருக்கும் சின்ன மெமரியில் தயாரிப்பாளர் பெயரும் பார்ட் நம்பரும் எழுதியிருக்கும். சில ஸ்விட்ச்சுகள் அதைப் படித்துவிட்டு, தன் ஆள் இல்லை என்றால் போர்ட்டையே மூடிவிடும். ஆகவே கம்பாட்டிபிள் மாட்யூல் (ஸ்விட்ச் கம்பெனி அல்லாத வேறு தயாரிப்பாளருடையது) வாங்கும்போது இரு முனை ஸ்விட்ச்சுகளின் மாடலையும் தனித்தனியாகச் சொல்லி, அதற்கேற்ற கோடிங்கை (மெமரியில் எழுதும் விவரத்தை) கேளுங்கள். நான் கம்பாட்டிபிள் மாட்யூல்களைத் தயங்காமல் போடுகிறேன், ஆனால் திருப்பித் தரலாம் என்று பில்லில் எழுதி வாங்கிய பிறகுதான்.

எஸ்எஃப்பி (1ஜி), எஸ்எஃப்பி பிளஸ் (10ஜி) இரண்டும் பார்க்க ஒரே அளவு. 1ஜி போர்ட்டில் 10ஜி மாட்யூல் உள்ளே போகும், வேலை செய்யாது. ஆர்ஜே45 (சாதாரண செப்பு லேன் கேபிள் செருகும் துளை) வைத்த 10ஜி மாட்யூலும் வசதிதான், ஆனால் தொட்டால் கை சுடும், பெரும்பாலானவை 30 மீட்டரோடு நின்றுவிடும். ஒரே ரேக்குக்குள் என்றால் டாக் கேபிள் (இரு முனையிலும் மாட்யூல் பொருத்தியே வரும் செப்புக் கேபிள்) போட்டுவிட்டுப் போங்கள், செலவும் குறைவு, சூடும் குறைவு.

எல்லாம் சரியாக வாங்கியும் லிங்க் வரவில்லையா? ஸ்விட்ச்சில் மாட்யூலின் டிடிஎம் அளவுகளை (மாட்யூல் தானே அளந்து சொல்பவை) பாருங்கள். ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளி) −40 டிபிஎம் என்று காட்டினால் ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். ரிட்டர்ன் போடக் கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன், ஒரு முனையில் மட்டும் எல்சி கனெக்டரின் (ஃபைபர் முனையில் இருப்பது) இரண்டு கால்களையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள், அனுப்பும் இழையும் வாங்கும் இழையும் மாறியிருக்கலாம்.