ஹெட்லைட் போட்டால் வண்டி இழுவை குறையுமா?

குறையும், ஆனால் ஓட்டும்போது தெரியாது. 55 வாட் ஹாலஜன் பல்பு இரண்டு, புளோயர், வைப்பர், பாட்டு எல்லாம் சேர்த்து 400 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் பெல்ட்டால் சுழன்று கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர், தான் வாங்கும் சக்தியில் பாதிக்குச் சற்று மேல்தான் கரண்டாகத் தரும். அப்படியானால் பெல்ட் வழியாக இன்ஜின் கொடுப்பது சுமார் 1 குதிரைசக்தி. 80 குதிரைசக்தி இன்ஜினுக்கு இது கொசுக்கடி. ஏசி கம்ப்ரசர் கணக்கு வேறு. அது நேரடியாகவே பல மடங்கு இழுக்கும்.

ஐடிலில் லைட் போட்டதும் ஆர்பிஎம் லேசாக இறங்கி உடனே நிமிர்ந்தால் கவலை வேண்டாம். லைட் மங்கி இன்ஜின் உதறினால் பேட்டரியில் மல்டிமீட்டர் வையுங்கள். சாதாரண ஆல்டர்னேட்டர் என்றால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டும். எல்லா லோடும் போட்டு 13-க்குக் கீழே விழுந்தால் முதலில் பெல்ட் தளர்வைப் பாருங்கள்.

தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் பக்கம் கடற்கரையோரம் நிறுத்தும் வண்டிகளில் எர்த் ஸ்ட்ராப்பில்தான் (பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடும் பாடியோடும் இணைக்கும் பட்டை வயர்) எனக்குச் சந்தேகம். உப்புக்காற்றில் போல்ட்டுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. இன்ஜின் ஓடும்போது, லைட்டும் புளோயரும் போட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கின் வெற்று உலோகத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. இன்ஜினை அணைத்து, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, பிறகு ஸ்ட்ராப் போல்ட்டையும் கழற்றி, உலோகம் தொடும் இடங்களை எமரி தாளால் பளிச்சென்று தேய்த்து, இறுக்கிய பிறகு வாஸலின் தடவுங்கள். முன்னாடியே தடவிவிட்டு இறுக்குவது பலர் செய்யும் தப்பு.