வீட்டுக் கணினியில் நாணய அகழ்வு: கிராபிக்ஸ் அட்டையைத் தேர்ந்தெடுக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கணினி பழுது பார்த்துப் பிழைப்பவன் என்பதால், "அண்ணே, மைனிங் செய்வதற்கு எந்தக் கார்டு வாங்கலாம்?" என்று கேட்டுக்கொண்டு அவ்வப்போது யாராவது என்னைத் தேடி வருகிறார்கள். அவர்களில் பலர் தோட்டத்து லயன் வீட்டிலோ, தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் எனும் குடியிருப்பிலோ பெற்றோருடன் வசிக்கும் இளைஞர்கள். மைனிங் என்றால் அகழ்வு, அதாவது கணினியை ஓயாமல் கணக்குப் போடவைத்து பிட்காயின் போன்ற மின்னணு நாணயத்தை ஈட்டுவது. கார்டின் பெயரைச் சொல்வதற்கு முன்பு, வீட்டுக் கரண்ட் பில்லைக் கொண்டுவரச் சொல்வது என் வழக்கம். அதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பார்கள். இருப்பினும், இந்தத் தொழிலில் கார்டைத் தேர்ந்தெடுப்பது அந்தப் பில்தான்.

படி 1: எந்த நாணயம் என்று முடிவு செய்யுங்கள்

பிட்காயினை கிராபிக்ஸ் அட்டையால் அகழ்ந்த காலம் மலையேறிவிட்டது. 2013-க்குப் பிறகு அதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஏசிக் இயந்திரங்கள் அந்தக் களத்தைப் பிடித்துக்கொண்டன. வீட்டு அட்டைகளுக்கு வாழ்வளித்த ஈத்தேரியம், 2022 செப்டம்பர் 15 அன்று அகழ்வு முறையையே கைவிட்டு வேறு முறைக்கு மாறியது. அட்டைக்காரர்களுக்கு எஞ்சியிருப்பவை ஈத்தேரியம் கிளாசிக், ரேவன்காயின், எர்கோ போன்ற சிறிய நாணயங்கள்தாம். காஸ்பா நல்லது என்று பழைய காணொலிகளில் பார்த்திருப்பீர்கள்; 2023-இல் அதற்கும் ஏசிக் இயந்திரங்கள் வந்துவிட்டன. மொனேரோவை அகழ்வதற்கு அட்டையே தேவையில்லை. அது கணினியின் மையச் செயலியை நம்பிய நாணயம்.

ஆகவே, விளையாட்டுக்கோ காணொலித் தொகுப்புக்கோ எப்படியும் உங்களுக்குத் தேவைப்படும் அட்டையையே வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து. அகழ்வுக்கு மட்டும் என்று கடன் வாங்கி அட்டை வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் மலேசிய மின்கட்டணத்தில் பல நாள்களில் வரவைவிட மின்செலவே கூடுதலாக இருக்கிறது.

படி 2: மின்கட்டணத்தைக் கணக்கிடுங்கள்

2025 ஜூலை முதல் மின்சார நிறுவனமான தெனாகாவின் பில்லில் எரிசக்தி, கொள்திறன், கட்டமைப்பு என்று கட்டணங்கள் தனித்தனி வரிகளாக வருகின்றன. மாதம் 1,500 யூனிட்டுக்கு மேற்படாத வீட்டுக்கு இம்மூன்றையும் கூட்டினால் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 44 சென் ஆகிறது. ஆனால் அகழ்வுக்காகக் கூடும் யூனிட்டின் உண்மையான விலை இதைவிட அதிகம். 1,000 யூனிட்டுக்கு உட்பட்ட வீடுகளுக்குக் கிடைக்கும் சிக்கன ஊக்கத்தொகை, பயன்பாடு ஏற ஏறக் குறைந்துகொண்டே போகிறது. 600 யூனிட்டைத் தாண்டினால் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும், தாண்டிய பகுதிக்குச் சேவை வரியும் சேர்ந்துகொள்கின்றன. குளிர்சாதனப் பெட்டியும் ஏர்கோனும் ஓடும் வீடு 500 யூனிட்டில் இருக்கிறது என்றால், ஓர் அட்டை போதும், அந்தக் கோட்டைத் தாண்ட வைத்துவிடும்.

கணக்கு எளிது. ஓர் அட்டை 80 வாட் எடுக்கிறது; மதர்போர்டு, செயலி, மின்விசிறி எல்லாம் சேர்ந்து 60 வாட் எடுக்கின்றன; பவர் சப்ளையின் இழப்பையும் கூட்டினால் சுவர் பிளக்கில் ஏறத்தாழ 160 வாட் வரும். மாதத்தின் 720 மணி நேரமும் ஓடினால் 115 யூனிட் ஆகும். 44 சென் வீதம் 50 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். அதே கணினியில் இரண்டாவது அட்டையைச் சேர்த்தால் மேலதிகச் செலவு 65 யூனிட், அதாவது 29 ரிங்கிட்டுக்குள் அடங்குகிறது. கணினியின் அடிப்படைச் செலவு முழுவதும் முதல் அட்டையின் தலையில் விழுவதே இதற்குக் காரணம்.

மீட்டரைச் சுற்றி வளைத்து மின்சாரம் எடுக்கலாம் என்று யாராவது காதில் ஓதினால் எழுந்து போய்விடுங்கள். அகழ்வு இந்நாட்டில் குற்றமன்று, மின்திருட்டு குற்றம். 2021-இல் மிரி காவல் நிலைய வளாகத்தில் 1,069 அகழ்வு இயந்திரங்களைச் சாலை உருளையால் நசுக்கிய காட்சியை உலகமே பார்த்தது.

படி 3: வாட்டுக்கு எத்தனை ஹாஷ் என்று பாருங்கள்

ஹாஷ் என்பது அகழ்வில் அட்டை போடும் ஒரு கணக்கு; வினாடிக்குப் பத்து லட்சம் ஹாஷ் போட்டால் அது ஒரு மெகாஹாஷ் வேகம். கடைக்காரர் மொத்த வேகத்தைத்தான் சொல்வார். நீங்கள் அந்த வேகத்தை வாட்டால் வகுக்க வேண்டும். ஈத்தேரியம் கிளாசிக்கின் எச்சாஷ் முறையில், ஒழுங்காகச் சீரமைத்த அட்டைகள் தரும் அளவுகள் சுமாராக இவை: ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி அட்டை 120 வாட்டில் 30 மெகாஹாஷ், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் 80 வாட்டுக்குள் 31, ஆர்டிஎக்ஸ் 3070 சுமார் 125 வாட்டில் 60, ஆர்டிஎக்ஸ் 3080 சுமார் 220 வாட்டில் 97. 580-உம் 1660 சூப்பரும் ஏறக்குறைய ஒரே வேகம். ஆனால் ஒரு மாதத்தில் முன்னது 29 யூனிட் கூடுதலாக விழுங்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று 580-ஐ வாங்கியவர், அந்த மலிவை மாதாமாதம் தெனாகாவுக்குத் திருப்பிச் செலுத்திக்கொண்டிருப்பார்.

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் புதிய அட்டைகளையும் நீங்களே எடைபோடலாம். எச்சாஷில் ஒவ்வொரு ஹாஷுக்கும் நினைவகத்திலிருந்து 128 பைட்டாக 64 முறை, ஆக 8,192 பைட் படிக்க வேண்டும். ஆர்எக்ஸ் 580-இன் நினைவக அலைவரிசை வினாடிக்கு 256 ஜிபி; அதை 8,192-ஆல் வகுத்தால் 31 மெகாஹாஷ். நடைமுறையில் 30 கிடைப்பதற்கு இதுவே காரணம். ஆகவே, இவ்வகை நாணயத்துக்கு நினைவகத்தின் வேகத்தைப் பாருங்கள். ரேவன்காயினின் காவ்பவ் முறையோ அட்டையின் கருவையும் கடுமையாக வேலை வாங்குவதால், அதே அட்டை அங்கே அதிக வாட் எடுக்கும்; ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்த்து ஏமாறாதீர்கள்.

படி 4: நினைவகத்தின் அளவு

அகழ்வுக்குத் தேவையான டாக் என்ற தரவுக்கோப்பு முழுவதும் அட்டையின் நினைவகத்தில் அடங்க வேண்டும். அது காலப்போக்கில் வளர்ந்துகொண்டே போகும். 2020-இன் இறுதியில் 4 ஜிபி அட்டைகள் ஈத்தேரியத்திலிருந்து கழன்றுகொண்டது இதனால்தான். 4 ஜிபியைத் தொடாதீர்கள். 8 ஜிபி வாங்குங்கள்.

படி 5: பழைய அட்டையைச் சோதித்து வாங்குங்கள்

ஈத்தேரியம் அகழ்வு நின்றபோது விற்பனைக்குக் கொட்டிய அட்டைகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. நானும் ஒருமுறை இணையத்தில் படத்தை மட்டும் பார்த்து ஆர்எக்ஸ் 580 ஒன்றை வாங்கினேன். பெட்டியில் எழுதியிருந்தது 580. ஜிபியு-இசட் மென்பொருளில் திறந்து பார்த்தபோது செயல் அலகுகள் 2,304-க்குப் பதிலாக 2,048 என்று காட்டியது. 2048எஸ்பி எனப்படும் அந்த வகை, உள்ளே ஆர்எக்ஸ் 570-க்குச் சமமானது. விற்றவர் அதன்பின் பதிலளிக்கவே இல்லை.

ஆகையால் நேரில் சென்று வாங்குங்கள். ஈப்போ வரை போக வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. விற்பவரின் கணினியிலேயே அட்டையைப் பொருத்தி, ஜிபியு-இசட்டில் செயல் அலகுகளையும் நினைவக அளவையும் பார்த்து, பின் அரை மணி நேரம் அகழ்வு மென்பொருளை ஓடவிடுங்கள். திரையில் புள்ளிகளோ கோடுகளோ தோன்றினால் நினைவகம் கெட்டிருக்கிறது. மின்விசிறி முனகினால் கவலை வேண்டாம், அதை மாற்றிக்கொள்ளலாம். விலையைக் குறைத்துக் கேட்பதற்கு அது நல்ல காரணமும்கூட.

படி 6: மின் இணைப்பு

இந்தப் படியில் கஞ்சத்தனம் காட்டியவர்களின் கருகிய கம்பிகளை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கு மேற்பட்ட அட்டைகளை ரைசர் (அட்டையை மதர்போர்டிலிருந்து தள்ளி வைக்க உதவும் நீட்டிப்பு) கொண்டு இணைக்கும்போது, ரைசருக்கு வன்தட்டுக்கு உரிய சாட்டா இணைப்பியிலிருந்து மின்சாரம் கொடுக்காதீர்கள். சாட்டா இணைப்பி 12 வோல்ட்டில் 54 வாட் தாங்கும். அட்டையோ பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை வழியாக 75 வாட் வரை இழுக்கலாம். பவர் சப்ளையிலிருந்து நேரே வரும் 6 பின் இணைப்பியைப் பயன்படுத்துங்கள். 6 பின் 75 வாட்டுக்கும், 8 பின் 150 வாட்டுக்கும் உரியவை. பவர் சப்ளையின் முழுத்திறனில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

பழைய லயன் வீடுகளில் ஒரே பிளக்கில் நீட்டிப்பு வயர் போட்டு, அதில் ரைஸ் குக்கரையும் சேர்த்துச் செருகுவது வழக்கம். இடைவிடாமல் ஓடும் கணினிக்குச் சுவரில் தனிப் பிளக் வேண்டும். வயரிங் பழையது என்றால் உரிமம் பெற்ற வயர்மேனை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

படி 7: வெப்பமும் இடியும்

தகரக் கூரையின் கீழுள்ள அறை பிற்பகலில் எவ்வளவு கொதிக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அட்டையின் கரு 70 பாகை செல்சியஸுக்குள் இருந்தால் நிம்மதி. ஆர்டிஎக்ஸ் 3080 போன்றவற்றின் ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகம் 110 பாகையைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதை அந்த எல்லைவரை போக விடாதீர்கள். ஏர்கோன் போட்டு அட்டையைக் குளிர்விப்பது, ஒரு செலவை ஈடுகட்ட இன்னொரு செலவை இழுத்துக்கொள்வதாகும். பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி, சன்னலோரம் வைத்து, ஒரு மேசை விசிறியைத் திருப்பிவிடுங்கள். செம்பனைக் காட்டோரம் உள்ள வீடுகளில் எறும்பு புகும். மேசைக் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பதே எங்கள் வழி.

மாலை இடி தொடங்கினால் அகழ்வை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள்; இணைய மோடத்தின் கம்பியையும் சேர்த்து. மின்னல் எதிர்ப்புப் பிளக் பக்கத்தில் விழும் இடியைத் தாங்குமென்று நம்பியிருக்க வேண்டாம்.

படி 8: சீரமைத்து, மீட்டரைப் படியுங்கள்

அட்டையைச் சீரமைக்கும் மென்பொருளான எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் அதன் மின்வரம்பை 70 விழுக்காட்டுக்கு இறக்கி, நினைவக வேகத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். பிழைச் செய்தி வந்ததும் ஒரு படி கீழே இறங்கி, அங்கேயே நிறுத்துங்கள்.

பிறகு ஏழு நாள்கள் ஓட்டிப் பாருங்கள். தொடங்கும் நாளில் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடாயின் தெனாகாவின் கைபேசிச் செயலியிலேயே அன்றாடப் பயன்பாடு தெரியும். முந்திய வாரத்தைவிடக் கூடிய யூனிட்டைக் கட்டணத்தால் பெருக்கி, அகழ்ந்த நாணயத்தின் அன்றைய ரிங்கிட் மதிப்புக்குப் பக்கத்தில் எழுதுங்கள். செலவுத் தொகை பெரிதாக இருந்தால் அகழ்வு மென்பொருளை நீக்கிவிட்டு, அந்த அட்டையில் விளையாடுங்கள்.