உப்புக் காற்றுக்குப் பித்தளை நிப்பிள்

ரோடு சைக்கிளுக்குத் தனியாக வீல் கட்டப்போகிறீர்களா? வடசென்னைக் கடலோரம் காசிமேடு, எண்ணூர் பக்கம் ஓட்டுபவர் என்றால் முதலில் நிப்பிளை, அதாவது ஸ்போக் கம்பியை ரிம்மில் இறுக்கும் சின்ன நட்டைப் பாருங்கள். அலுமினிய நிப்பிள் எடை குறைவுதான். ஆனால் உப்புக் காற்றில் ஸ்டெயின்லெஸ் ஸ்போக்கோடு சேர்ந்து அரித்து இறுகிவிடும். வீலின் கோட்டம் எடுக்க ஸ்போக் சாவி வைத்தால் உடைந்து கையோடு வரும். எனக்கு இரண்டு போயிற்று. பித்தளையே போடுங்கள், வீலுக்குச் சுமார் 20 கிராம் கூடும், போகட்டும்.

கன்டெய்னர் லாரிகள் குழி பறித்த சாலைக்கு 28 மி.மீ. டயர், பின்னால் 32 ஓட்டை ரிம், ஹப்பும் (வீலின் நடுப்பகுதி) அதே 32. ஸ்போக் நீளத்தை மட்டும் ரிம்மும் ஹப்பும் கைக்கு வந்தபின் அளந்து வாங்குங்கள். பின்வீலில் பல்சக்கரப் பக்க ஸ்போக் சற்றே குட்டையாக இருக்கும்.