மாற்று வெடிமருந்தும் பாதியில் நின்ற ஸ்லைடும்

2013-இல் அமெரிக்கக் கடைகளில் கைத்துப்பாக்கி வெடிமருந்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, நான் வழக்கமாகப் பயன்படுத்தும் வின்செஸ்டர் 231 என்ற மருந்து கிடைக்காததால், பெரிய செதில் ரக மருந்து ஒன்றை தோட்டா நிரப்பும் கையேடு அதற்குச் சொல்லும் அளவின்படியே 9 மி.மீ. தோட்டாக்களில் நிரப்பினேன். சில ஒழுங்காக வெடித்தன. சிலவற்றில் ஸ்லைடு (சுட்டதும் பின்னால் நகர்ந்து வெற்றுக் கூட்டை வெளியேற்றும் துப்பாக்கியின் மேல்பகுதி) முழுதும் பின்னால் போகாமல் வெற்றுக் கூடு இடையில் சிக்கியது, அதன் வெளிப்புறத்தில் கரியும் படிந்திருந்தது.

ஸ்லைடின் சுருள்வில்லை மாற்றியும், கூட்டு வாயின் இறுக்கத்தைத் திருத்தியும் பயனில்லை. மருந்தே மட்டம் என்று முடிவுகட்டத் தடையாக இருந்தது, எல்லாக் கூடுகளிலும் கரி இல்லை என்பதுதான். அளவி (கைப்பிடியை அசைத்தால் மருந்தை அளந்து கொட்டும் கருவி) கொட்டிய ஒவ்வொரு வீச்சையும் தனித்தனியே தராசில் நிறுத்தபோது விஷயம் வெளிப்பட்டது: செதில்கள் அளவியின் சிறு வாயில் ஒன்றோடொன்று பிணைந்து அடைத்துக்கொண்டு, ஒரு வீச்சில் குறைவாகவும் அடுத்ததில் கூடுதலாகவும் விழுந்தன. மருந்து குறைந்த தோட்டாக்கள்தான் ஸ்லைடை முழுதும் தள்ளவில்லை. (குறைவைவிடக் கூடுதலே ஆபத்து.) பத்துப் பத்தாக நிறுத்துச் சராசரி பார்த்தால் இது தெரியவே தெரியாது.

அளவியின் கொள்கலனுக்குள் தடுப்புத் தகடு வைத்து, மருந்து பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டு, கைப்பிடியை இரு முனையிலும் ஒரே சீராகத் தட்டியதும் எடை நிலைப்பட்டது. கூடு சிக்குவதும் நின்றது. அப்பாடா என்றிருந்தது.

பிறகு ஹாட்ஜ்டன் ஹெச்பி-38 ஒரு டப்பா கிடைத்தது. அதுவும் 231-உம் இரு பெயரில் விற்கப்படும் ஒரே மருந்துதான். ஆயினும் புது டப்பா என்பதால் கையேட்டின் தொடக்க அளவிலிருந்தே ஆரம்பித்தேன்.