இன்ஃபேமஸ் ஆத்தங்குடி

செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஆச்சி, பெரிய வீட்டில் பாதியை விருந்தினர் தங்க விட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் எழுதிய விளம்பரத் தாளை என்னிடம் நீட்டினார். முதல் வரியிலேயே 'இன்ஃபேமஸ் ஆத்தங்குடி டைல்ஸ்' என்று இருந்தது.

"ஏன் ஆச்சி இப்படிப் போட்டீங்க?"

"வேல்யுபிளைவிட இன்வேல்யுபிள் ஒசத்தி தானேப்பா? அப்ப ஃபேமஸைவிட இன்ஃபேமஸ் ஒசத்தியா இருக்கணும்ல?"

நியாயமான கேள்விதான். கோளாறு ஆங்கிலத்தில். இன்வேல்யுபிள் என்றால் விலைமதிக்க முடியாதது. இன்ஃபேமஸ் என்றாலோ கெட்ட பேர் எடுத்தது. நொட்டோரியஸும் அதே கூட்டம். 'பேர்போன ஆளு' என்று நாம் ஒரே சொல்லைப் பாராட்டாகவும் சொல்வோம், இழுத்துச் சொல்லிக் குத்திக் காட்டவும் செய்வோம். எழுத்தில் அந்த இழுப்பு வராது. ஆங்கிலத்தில் கெட்ட பேருக்குத் தனிச் சொல்லே வைத்துவிட்டார்கள்.

அடுத்த வரியில் 'வெரி வேர்ல்ட் ஃபேமஸ்'. உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்த புகழுக்கு வெரி போட்டு இன்னும் எங்கே அனுப்புவது? வெறும் 'வெரி ஃபேமஸ்' தப்பில்லை. ஆனால் 'மச் ஃபேமஸ்' ஆங்கிலமே இல்லை. 'ஹைலி ஃபேமஸ்' காதில் உறுத்தும். ஹைலிக்கு ஜோடி ரிகார்டட் (regarded), வைட்லிக்கு ஜோடி நோன் (known). 'டூ ஃபேமஸ்' (too famous) என்றால் வேண்டிய அளவுக்கு மீறிப் புகழ்பெற்றுவிட்டது என்று குறை சொல்வதாகிவிடும். நம்மூர்ப் பலகைகளில் அதிகம் சறுக்குவது இந்த டூவில்தான்.

பிள்ளையார்பட்டியை 'ஒன் ஆஃப் தி மோஸ்ட் ஃபேமஸ் டெம்பிள்' என்று எழுதியிருந்தார். பலவற்றில் ஒன்று என்பதால் டெம்பிள்ஸ். 'வேர்ல்ட் ரினௌன்' என்பதில் கடைசி 'ட்' விழுந்திருந்தது; ரினௌண்ட் என்று வர வேண்டும்.

பாப்புலரையும் ஃபேமஸையும் 'பிரபலம்' என்ற ஒரே சொல்லுக்குள் நாம் அடைத்துவிடுகிறோம். பிரம்புக்கே பேரெடுத்த ஹெட்மாஸ்டர் ஊர் அறிந்தவர்தான். பையன்களிடம் அவர் பாப்புலரா?

கண்டாங்கிச் சேலைக்கு மூன்று வெரி போட்டிருந்தார். மூன்றையும் அடித்துவிட்டு, 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது என்று எழுதினேன். டைல்ஸுக்கு என்ன எழுதுவது என்று அவரையே கேட்டேன்.

"கண்ணாடி மேல அச்சை வச்சு, கலர் சிமெண்டைக் கையால ஊத்துவாக. அச்சை எடுத்துட்டு மேல மணலும் சிமெண்டும் போட்டு, அப்பறம் தண்ணியில ஊறப்போடுவாக. சூளையே கெடையாது. கண்ணாடி பட்ட பக்கந்தான் அந்தப் பளபளப்பு."

"இதையே எழுதிருவோம் ஆச்சி."

அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன்: கண்ணாடிமேல் கையால் ஊற்றியவை, சூளை காணாதவை. ஃபேமஸ் என்ற சொல்லே தேவைப்படவில்லை. ஆச்சி தாளை வாங்கி இரண்டு தரம் படித்தார். முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது.

"ஒரு வெரி கூடவா மிச்சம் வைக்கல? வெள்ளைப் பணியாரம் வெரி சாஃப்ட்னாவது போட்டுக்கவா?"

"அது தாராளமாப் போடலாம் ஆச்சி."