வீக் சிம்பலும் எட்டாத பூஜ்யமும்

கியூஈமு எமுலேட்டரின் 'விர்ட்' என்ற பாவனை போர்டுக்கு 64-பிட் ரிஸ்க்-ஃபைவ் பிராசசரில் ஓடும் கர்னல் ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். அதில் RAM தொடங்குவது பதினறும எண்ணில் 80000000, அதாவது சரியாக 2 ஜிபி. விருப்பப்பட்டால் சேர்க்கலாம் என்று ஒரு ஹுக் ஃபங்ஷனை வீக்காக (யாரும் வரையறுக்காவிட்டாலும் பிழையாகாத பெயராக) அறிவித்து, 'இருந்தால் கூப்பிடு' என்று ஒரு இஃப் போட்டேன். ஃபைல்களை இணைத்து முகவரிகளை நிரப்பும் லிங்கர், 'ரீலொகேஷன் வரம்பை மீறுகிறது', அதாவது நிரப்ப வேண்டிய முகவரி எட்டவில்லை என்று நின்றுவிட்டது.

காரணம் எளிதுதான். யாரும் வரையறுக்காத வீக் சிம்பலின் மதிப்பு 0. மெட்எனி என்ற முகவரிக் கணக்கு முறையில் கம்பைலர் முகவரியை பிசியிலிருந்து (இப்போது ஓடும் கட்டளையின் முகவரியிலிருந்து) எவ்வளவு தூரம் என்றே கணக்கிடும். அது எட்டும் தூரம் ஏறத்தாழ ±2 ஜிபி. கர்னலின் உள்ளிருந்து பூஜ்யம் அதற்கும் சற்று அப்பால். சில லிங்கர்கள் அந்த இடத்தில் கட்டளையையே மாற்றிச் சமாளிக்கும். என்னுடையது செய்யவில்லை.

தூரத்தை முன்பே கணக்கிட்டிருக்கலாமே என்று, லிங்கருக்கு முன் மெஷின் கோட் ஆக்கித் தரும் அசெம்ப்ளரைத் திட்டிப் பயனில்லை. வீக் சிம்பல் அதே ஃபைலில் வரையறுக்கப்பட்டிருந்தாலும், வேறு ஃபைல் அதை மாற்றக்கூடும் என்பதால் தூரத்தை அது லிங்கரிடமே விட்டுவிடும்.

சரி, முகவரியை 64-பிட் பாயின்டராக டேட்டாவில் வைத்தேன். அங்கே முழு முகவரியும் அடங்கும், பூஜ்யமும்தான். ஆனால் பாயின்டர் மாறவே மாறாது என்று கண்டால் ஆப்டிமைசர் அதை விழுங்கிவிட்டுப் பழைய நேரடிக் கணக்கையே போடலாம். அதனால், ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்தே படிக்கச் சொல்லும் வோலடைல் சேர்த்தேன். அப்புறம் லிங்க் ஆனது. ஹுக் இல்லாததைக் கண்டறியத் தேவையே இல்லையென்றால், எதுவும் செய்யாத வீக் ஃபங்ஷன் ஒன்றை எழுதி வைப்பது இதைவிட நல்லது.